மாப்பிள்ளை காரும் மடை உடைஞ்ச சேதியும்

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. கார் சிக்னல்ல நிக்கும்போது உதறுதாமே? லவண்டர் ஸ்ட்ரீட் முனையில பின்னாடி நின்ன லாரிக்காரன் ஹார்ன் அடிக்க, நீங்க இறங்கி பானெட்டைத் தூக்கி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டுப் பழையபடி மூடினீங்கன்னு உங்க வீட்டுக்காரி, என் பேத்திதான், சொன்னா. நல்ல காரியம். வாங்கினவர் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாரேன்னு எஞ்சினுக்கும் ஒரு ஆறுதல்.

அப்புறம் மூணு பேருகிட்ட யோசனை கேட்டீங்களாம். நாலாவதா எங்கிட்ட வந்திருக்கீங்க. தப்பே இல்ல. இந்த ஜாலான் புசார்ல ஒரு தவுக்கே முதலாளியோட கடையில தலை நரைக்கிற வரைக்கும் பிளக்கும் பிரேக் ஷூவும் எடுத்துக் குடுத்தவன்தான் நான். ஆனா வீட்டுக் கிழவன் சொன்னா பில்லு கிடையாது. பில்லு இல்லாத யோசனையை யாரு நம்புவா?

முதல் ஆளு உங்க ஆபீஸ்காரர். ஜோகூர்ல பெட்ரோல் போட்டதுதான் கோளாறுன்னாராம். ஏங்க, 1989ல ஜோகூருக்குக் கடற்பாலம் தாண்டுற வண்டியில அரை டேங்காவது இருக்கணும்னு சட்டம் போட்டாங்க. நம்ம ஆளுங்க அரை டேங்கோட போயி வயிறு முட்ட நிரப்பிட்டு வந்தாங்க. 1991ல அதை முக்கால் டேங்க் ஆக்கிட்டாங்க. ஆக, நீங்க அங்க ஊத்துறதே கால் டேங்க். அதுலயும் சிங்கப்பூர் நம்பர் வண்டிக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் விக்கக் கூடாது, 97தான். இங்க 95 குடிக்கிற வண்டிக்கு அங்க 97 குடுத்தா உதறுமா? மிஞ்சினா வாய் கொழுக்கும்.

ரெண்டாவது ஆளு புளோக்குக்குக் கீழ கோப்பிக்கடையில உக்காந்திருக்கிற டாக்சிக்காரர். காலமெல்லாம் டாக்சி ஓட்டினவர், அவருக்குத் தெரியாததான்னு கேட்டிருக்கீங்க. அவரும் தாராளமா, பிளக் போயிடுச்சு தம்பின்னு சொல்லிட்டாரு. மாப்பிள்ளை, அவரு ஓட்டினது பூரா டீசல் வண்டி. டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காத்தை நெருக்கி நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டுலயே எண்ணெயைப் பத்த வைக்கிற ஜாதி அது. குளிர்ல கிளம்புறதுக்குன்னு அதுல இருக்கிறது வேற பிளக், அதுல பொறி வராது, சும்மா சிவக்கும். வாழ்நாள்ல பாக்காத சாமானைப் பத்தி அவரு குறி சொன்னாரு, நீங்களும் தலையை ஆட்டிட்டு அவரு கோப்பிக்குக் காசு குடுத்துட்டு வந்திருக்கீங்க.

மூணாவது அந்த வொர்க்‌ஷாப். பேரு வேணாம். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துட்டு, ஒரு பிளக்கை மட்டும் கழட்டிக் காட்டினானாம். நாலு பிளக், நாலு காயில், இன்ஜெக்டர் கழுவ, த்ராட்டில் கழுவ, எஞ்சினுக்குள்ள மருந்து ஊத்திக் கழுவன்னு 1,400 வெள்ளிக்குச் சீட்டு எழுதிக் குடுத்தானாம். நீங்களும் சரின்னுட்டீங்க. உங்களையும் குத்தம் சொல்ல முடியாது. 2023 அக்டோபர்ல பெரிய கார் வகைக்கு வாகன உரிமைச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போச்சே, அந்தக் கடைசி ஒத்த வெள்ளியை யாரு சேர்த்தாங்களோ! பத்து வருஷத்துக் காகிதத்துக்கு அப்படிக் குடுத்துப் பழகின ஊருக்கு 1,400 ஒரு காசா?

ஆனா ஒண்ணு கேக்குறேன். பிளக் என்ன தப்பு பண்ணுச்சு? மன்னார்குடிப் பக்கம் எங்க ஊர்ல ஒரு மிராசுதார் இருந்தாரு. ஐப்பசி மழையில மடை உடைஞ்சிடுச்சுன்னு ராவோட ராவா சேதி கொண்டாந்த தலையாரியைத் திட்டி வேலையை விட்டு நிறுத்திட்டு, மறுநாள் புதுத் தலையாரிக்குத் துண்டு போட்டு மரியாதை பண்ணினாரு. மடை உடைஞ்சபடிதான் கிடந்துச்சு. உங்க வொர்க்‌ஷாப்காரன் எழுதின சீட்டும் அதேதான். புதுத் தலையாரி நாலு பேரு.

பிளக் ஒருத்தன்தான் எஞ்சினுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கிறவன். வண்டி மணிக்குத் தொண்ணூறுல போகும்போது நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல பொறி விடுறான். உள்ள என்ன எரியுது, எது எரியல, எண்ணெய் கசியுதா, காத்து பத்தலையா, எல்லாத்தையும் மூக்குல எழுதி வச்சிருப்பான். வாசிக்காமத் தூக்கிப் போட்டா அவனுக்கு நட்டமில்ல.

அதனால நேத்து ராத்திரி நீங்க தூங்கினதும் நானும் பேத்தியும் கீழ இறங்கிட்டோம். முறைக்காதீங்க, சாவி குடுத்தது அவதான். சின்னப் புள்ளையில தவுக்கே கடை அஞ்சடி நடைபாதையில பள்ளிக்கூடப் பையோட உக்காந்து பிளக் பெட்டி அடுக்கி விளையாடினவ அவ. டேஷ்போர்டுக்கு அடியில சின்னக் கருவி ஒண்ணைச் செருகி, போன்ல பார்த்து, பி0302ன்னா. கடைசியில இருக்கிற அந்த ரெண்டுதான் சமாச்சாரம். ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். இதே நம்பரை அந்த வொர்க்‌ஷாப்காரனும் பார்த்திருப்பான். பார்த்துட்டுத்தான் நாலு காயில்னு எழுதினான்.

பழைய அம்பாசடர் காலத்துல இதுக்கு ஒரு வைத்தியம் உண்டு. எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒண்ணொண்ணாப் புடுங்குவாங்க. எதைப் புடுங்கினா சத்தம் மாறலையோ அதுதான் செத்த சிலிண்டர். உங்க கார்ல அதைச் செய்யாதீங்க. பேட்டரியோட பன்னெண்டு வோல்ட்டை காயில் இருபதாயிரம், முப்பதாயிரம்னு தூக்கிக் குடுக்குது. கையில அடிச்சா நான் பேத்திக்கு பதில் சொல்லணும். காயிலும் கருகிடும். இப்ப வழி வேற. எஞ்சினை அணைச்சுட்டு, ரெண்டாவது காயிலை மூணாவது இடத்துக்கும் மூணாவதை ரெண்டாவது இடத்துக்கும் மாத்தி மாட்டினோம். அந்தக் கோளாறு நம்பரை அழிச்சுட்டு மறுபடி ஓட விட்டோம். நிறுத்தின வண்டியில எஞ்சினை ஓட விட்டா அபராதம் ஆச்சே, அதனால பேத்தி புளோக்கை ஒரு சுத்து சுத்தி வந்தா. மிஸ்ஸிங் மூணுக்குப் போயிருந்தா காயில் கெட்டதுன்னு அர்த்தம். போகல. ரெண்டுலயே நின்னுச்சு. நாலு காயில் காசு அங்கயே மிச்சம்.

எஞ்சின் நல்லா ஆறினதுக்கப்புறம்தான் பிளக்கைத் தொட்டோம். அலுமினிய ஹெட் சூடா இருக்கும்போது முறுக்கினா மரையும் சேர்ந்து வரும். சைக்கிள் பம்ப்பால குழியில இருந்த தூசியை ஊதிட்டு, பதினாறு மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பானரால நாலையும் எடுத்தோம்.

இந்தாங்க, தமிழ் முரசு பேப்பர் மேல வரிசையா வச்சிருக்கேன். இடப்பக்கம் இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வரிசையைக் கலைச்சுடாதீங்க. கலைஞ்சா எந்த சிலிண்டர் என்ன சொல்லுச்சுன்னு தெரியாது.

ஒண்ணாம் நம்பரைக் கையில எடுங்க. கண்ணாடி போட்டுக்குங்க, கௌரவம் ஒண்ணும் குறையாது. மூக்குல இருக்கிற பீங்கான் வெளிறின பழுப்பு நிறத்துல இருக்குல்ல? அதுதான் ஆரோக்கியம். ஆனா சுத்தி இருக்கிற இரும்பு வளையத்துல கறுப்பா என்ன? தொட்டுப் பாருங்க. உலர்ந்த கரி, பிசுக்கு இல்ல. மூணுலயும் நாலுலயும் அதேதான். இதுக்கு ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், பெட்ரோல் கூடுதலா இறங்கலாம். உங்க வண்டியில ஃபில்டர் சுத்தமாத்தான் இருக்கு. அப்ப காரணம் யாரு? ஒண்ணாம் நம்பரைக் கையில புடிச்சிருக்கிறவர்தான்.

சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கார். நடந்தா பத்து நிமிஷம், கார்ல போனா நிறுத்த இடம் தேடவே அரை மணி. பெர்சே உணவு நிலையத்துக்குக் கார். ரொட்டி பிராட்டா பொட்டலம் வாங்கக் கார். 2017 அக்டோபர்ல ஜாலான் புசார் ரயில் நிலையத்தைத் திறந்தாங்க, அதோட படிக்கட்டைப் பார்த்திருக்கீங்களா? பீங்கான் மூக்கு 450, 500 டிகிரி கண்டாத்தான் தன் மேல படியிற கரியைத் தானே எரிச்சுக்கும். நீங்க ஓட்டுற தூரத்துக்கு எஞ்சின் கொட்டாவி விட்டு எந்திரிக்கிறதுக்குள்ள அணைச்சுடுறீங்க. வாரம் ஒரு தடவை பிஐஇ விரைவுச்சாலையில ஏத்தி துவாஸ் வரைக்கும் ஒரே மூச்சா ஓட்டிட்டு வாங்க. கரி தானாக் குறையும். மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, அவங்களும் எங்கயும் போனதில்ல.

சூடு கூடினாலும் ஆபத்துதான். 800 டிகிரிக்கு மேல போனா பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும், பிஸ்டனே ஓட்டையாகும். அப்படிப்பட்ட பிளக் வெள்ளை வெளேர்னு, கொப்புளம் கொப்புளமா இருக்கும். மூக்கு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ஞ்சிருக்கு, அது பெரிய செலவு. பீங்கான் மூக்கு வெடிச்சிருந்தா எஞ்சின் நாக் அடிக்குது, இல்ல மாட்டினவன் கீழ போட்டுட்டு வாயைத் திறக்கல. இதெல்லாம் உங்களுக்கு இல்ல, சாமி புண்ணியம்.

இப்ப ரெண்டாம் நம்பர். மூக்கு ஈரமா இருக்கு. மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை. இறங்கின பெட்ரோல் எரியவே இல்ல. ஆனா திருப்பி மேல் பக்கத்தைப் பாருங்க. எஞ்சினுக்கு வெளிய, காயிலோட ரப்பருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இந்த வெள்ளைப் பீங்கான் மேல எண்ணெய் வழிஞ்சிருக்கு. எண்ணெய் மூக்குல இல்ல, முதுகுல. அதைத் துடைச்சா தலையில இருந்து இரும்புக் கட்டை வரைக்கும் முடி அகலத்துல ஒரு கறுப்புக் கோடு தெரியுதா? நகத்தால சுரண்டுங்க. போகாது. அந்த வழியாத்தான் கரண்ட் வெளிய குதிச்சு ஓடியிருக்கு. உள்ள நெருக்கம் கூடக்கூட இடைவெளியைத் தாண்டுறது பொறிக்குக் கஷ்டம். அதான் முதல்ல ஃபோர்ட் கேனிங் ஏத்தத்துல இழுவை இல்லைன்னு சொன்னீங்க, அப்புறம் சிக்னல்லயும் உதற ஆரம்பிச்சுது. வெளிய சுலபமான பாதை ஒண்ணு கிடைச்சுட்டா கரண்ட் உள்ள போய் எதுக்கு மெனக்கெடணும்?

அந்த வொர்க்‌ஷாப்காரன் உங்களுக்குக் காட்டினது இது இல்ல. ஒண்ணாம் நம்பரைத்தான் கழட்டியிருக்கான், அதுதான் கைக்குச் சுலபம். அதுல பீங்கானும் இரும்பும் சேர்ற இடத்துல பழுப்பா ஒரு வளையம் இருக்கு பாருங்க, அதைக் காட்டி, கம்ப்ரஷன் லீக் ஆகுது சார்னு சொல்லியிருக்கான். அந்த வளையம் ஒண்ணுமே பண்ணாது. வோல்ட்டேஜ் அதிகமா இருக்கிற இடத்துல காத்துல மிதக்குற எண்ணெய்த் தூசி வந்து ஒட்டிக்கும். நல்ல பிளக்குலயும் இருக்கும். குத்தம் இல்லாத வளையத்தைக் காட்டிக் காசு கேட்டான், குத்தவாளிக் கோட்டைக் கண்ணால பாக்கவே இல்ல.

சரி, முதுகுல எண்ணெய் எங்க இருந்து வந்துச்சு? டேப்பட் கவர் இருக்குல்ல, அதுக்கடியில ஒவ்வொரு பிளக் குழியையும் சுத்தி ஒரு ரப்பர் வளையம் உண்டு. சூட்டுல காய்ஞ்சு இறுகிப் போயி ரெண்டாவது வளையம் எண்ணெயை விட்டுடுச்சு. அதான் உடைஞ்ச மடை. பிளக்கை மட்டும் மாத்தியிருந்தா கொஞ்ச நாள் சொகுசா ஓடியிருக்கும், திரும்பக் குழி ரொம்பியிருக்கும், திரும்ப உதறியிருக்கும். திரும்ப 1,400.

டேஷ்போர்டுல மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிஞ்சுதாமே, அதை நீங்க அழகா இருக்குன்னு விட்டுட்டீங்க. சும்மா எரிஞ்சா நாளைக்குப் பாக்கலாம். கண் சிமிட்டுச்சுன்னா எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போயி அங்க இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியுதுன்னு அர்த்தம். அது உருகினா ஆயிரக் கணக்குல போகும். இனிமே கண் சிமிட்டினா ஓரமா நிறுத்துங்க.

இப்ப வாங்க வேண்டியது. டேப்பட் கவர் கேஸ்கட் செட், அதுலயே அந்த ரப்பர் வளையங்களும் வரும். ரெண்டாவது காயிலுக்கு ரப்பர் பூட் ஒண்ணு. எண்ணெய் குடிச்சு உப்ப ஆரம்பிச்சிருக்கு, அதை விட்டா புதுப் பிளக்குலயும் கோடு இழுத்துடும். பிளக் நாலும் வாங்கிடுங்க. ஆமா, இப்பத்தான் தலையாரியை மாத்தாதீங்கன்னேன், இப்ப நானே மாத்தச் சொல்றேன். சேதியை வாசிச்சாச்சு, மடையும் தெரிஞ்சுபோச்சு. அதோட இரிடியம் பிளக்கோட ஆயுசு ஏறக்குறைய லட்சம் கிலோமீட்டர், உங்க வண்டி தொண்ணூறாயிரம் தாண்டியாச்சு. நாலும் சேர்ந்து நூறு வெள்ளிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.

பிளக் உடம்புல என்ன நம்பர் இருக்கோ அதையே கேளுங்க. கடைக்காரன் இன்னும் ஒசத்தின்னு வேற நம்பர் நீட்டுவான். அந்த நம்பர்ல சூட்டுக் கணக்கு இருக்கு. என்ஜிகே, டென்சோ ரெண்டுலயும் நம்பர் கூடினா குளிர்ந்த பிளக். பாஷ்ல நம்பர் கூடினா சூடான பிளக். ஜப்பான்காரன் ஏறுன்னா ஜெர்மன்காரன் இறங்குன்னுவான். 1902ல பாஷ் கம்பெனியில கோட்லோப் ஹோனோல்டுன்னு ஒருத்தரு ஹை வோல்ட்டேஜ் மேக்னட்டோவும் பிளக்கும் சேர்த்து செஞ்சு குடுத்ததுல இருந்து அவங்களுக்கு ஒரு மூத்தவர் தோரணை. இந்தியாவுல அதே பாஷ் வழிதான் மைக்கோன்னு 1951ல வந்துச்சு. எங்க ஊர் டிரைவர் ஒருத்தர் சட்டைப்பையில உப்புத்தாளும் மைக்கோ பிளக்கும் இல்லாமக் கல்யாணத்துக்குக் கூடப் போக மாட்டாரு. ஆனா நீங்க உப்புத்தாளைத் தொடாதீங்க. இரிடியம் முனை அரை மில்லிமீட்டர் கனம்தான், தேய்ச்சா போச்சு. கேப் பாக்கணும்னா மெல்லிசாக் கம்பி கேஜ் விட்டுப் பாருங்க, நெம்பாதீங்க. என் கேஜ் சுங்கை ரோடு சந்தையில வாங்கினது, 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடினாங்க. அங்க காலைல தொலைஞ்ச செருப்பு சாயங்காலம் விலைக்குக் கிடைக்கும்னு பேசிக்குவாங்க.

போலி சாமான் ஒண்ணு இருக்கு, கவனம். பெட்டி அச்சு அசலா இருக்கும், உள்ள இரும்பு சொரசொரன்னு, எழுத்து மங்கி, வாஷர் கையோட கழண்டு வரும். பாதி விலைக்குத் தர்றேன்னு வலைத்தளத்துல எவனாவது சொன்னா அது பாதிப் பிளக்தான்.

மாட்டும்போது அவசரப்படாதீங்க. பிளக் தலையில ஒரு துண்டு ரப்பர் டியூப்பைச் செருகி, அதைப் புடிச்சு விரலாலயே சுத்துங்க. மரை கோணலா ஏறினா டியூப் வழுக்கி உங்களை எச்சரிக்கும். ஸ்பானர் வச்சு ஆரம்பிச்சா எச்சரிக்காது, மரையை அறுத்துட்டுத்தான் நிக்கும். ஹெட்டுல மரை கழண்டா சரி பண்ண ஆளு உண்டு, உங்களுக்குக் கழண்டா நான்தான் பாக்கணும். கையால இறுகின பிறகு டார்க் ரெஞ்ச் இருந்தா 14 மில்லிமீட்டர் மரைக்கு 25ல இருந்து 30 நியூட்டன் மீட்டர், வண்டிப் புத்தகத்துல வேற போட்டிருந்தா அதுதான் சட்டம். ரெஞ்ச் இல்லைன்னா வாஷர் வச்ச புதுப் பிளக்குக்கு அரைச் சுத்து, போதும். பழசைத் திரும்ப மாட்டினா கடிகாரத்துல சின்ன முள்ளு ஒரு மணி நேரம் நகர்ற அளவுதான். மரையில கிரீஸ் தடவாதீங்க. வழுக்கிக்கிட்டு அளவுக்கு மேல இறுகிடும்.

என்ன, அடுத்தது மின்சாரக் கார்தானா? வாங்குங்க. 2030ல இருந்து புதுசாப் பதியிற காரெல்லாம் தூய எரிசக்தி வகையா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆனா அதுல ஹைபிரிடும் சேர்த்தி, ஹைபிரிட்ல பிளக்கும் உண்டு. என்னை விட்டு ஓட முடியாது.

சரி, கிளம்புங்க. கடை ஆறு மணிக்குச் சாத்திடுவான். சாவியை எதுக்கு எடுக்குறீங்க? பிளக் நாலும் முரசு மேல இருக்கு, கார் எதை வச்சு ஓடும்? நடங்க, நடங்க. சையது ஆல்வி ரோடு முனை தாண்டி இடப்பக்கம், தவுக்கேயோட மவன்தான் இப்ப கல்லாவுல. என் பேரைச் சொல்லுங்க, பத்து வெள்ளி குறைப்பான். அந்தப் பத்து வெள்ளியை எங்கிட்ட குடுத்துடுங்க, பேத்திக்குத் தெரிய வேணாம்.